பத்து எண்ணுகிற வரை

எங்கள் வண்டி கிளம்புவதற்கு முன்பே அக்காவின் காது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, மருந்துக் கடைகளில் நிற்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி, பூக்கடைகளின் குளிரறை, இவற்றைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். "ஓடுது, ஆனா குளிர மாட்டேங்குது" என்று யாராவது கூப்பிட்டால் மற்ற நிறுவனங்கள் ஓர் ஆளை அனுப்பும். அவர் பார்த்துவிட்டு வந்து, வேண்டிய பாகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போவார். அதற்குள் உள்ளே இருந்தது பாதி உருகிவிடும். எங்களிடம் அந்த இரண்டு நடை கிடையாது. அக்கா போனிலேயே சொல்வாள்.

"மெஷின் பின்னாடி, அடியில, கருப்பா ஒரு குண்டு இருக்கும் பாருங்க. ஆங், அதேதான். அதுகிட்ட போன வைங்க. நான் பத்து எண்ணுற வரைக்கும் பேசாதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவாள். உதடு மட்டும் அசையும். பத்து முடிவதற்குள் இடது கை ஒரு துண்டுச்சீட்டில் எழுதியிருக்கும்: ஃபேன் மோட்டார், ரிலே, கேஸ் குறைவு. அந்தப் பாகத்தோடு வண்டி போகும், ஒரே நடையில் வேலை முடியும். ஒருமுறை ஒரு பேக்கரிக்காரர், மெஷின் செத்துக்கொண்டிருப்பதுபோல் கத்துகிறது என்று அழாத குறையாகக் கூப்பிட்டார். அக்கா பத்து எண்ணிவிட்டு, "மெஷின் நல்லா இருக்கு. மேல என்ன வெச்சிருக்கீங்க? டின்னா? அத எடுத்துக் கீழ வைங்க" என்றாள். சத்தம் நின்றது. அவர் அதன்பிறகு ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் எங்கள் நம்பரைக் கொடுத்தார்.

அப்படிப் பதினோரு வருடம். கீழே பட்டறை, இரும்புப் படி ஏறினால் இரண்டு அறை, ஒன்றில் அக்காவும் போனும். நாற்காலியில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த நீலக் குஷன். நிறுவனம் எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. ஆனால் நான் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "நீங்க அக்காவோட தம்பிதானே?" பதினோரு வருடம் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றிருக்கிறேன்.

வளர்ந்தோம். நாலு வண்டி, பதினொரு ஆள். போன் மட்டும் ஒன்று, காது மட்டும் ஒருத்தியுடையது. அவள் ஒரு மெஷினோடு பத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது வெளியே ஆறு பேருக்கு லைன் பிஸி என்று வரும். ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருநாள் நேரிலேயே வந்து நின்றார். "உங்க லைன் கிடைக்கறதுக்குள்ள ஐஸ்கிரீமுக்கு ஸ்ட்ரா போட்டு வித்துட்டேன் தம்பி."

அக்காவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் எங்கள் நாலு வண்டியும் வாசலில் நின்றன. யாரை என்ன பாகத்தோடு அனுப்புவதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம்தான் நகரத்தின் மறுமுனையில் ஒரு நல்ல இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். இரண்டாவது கிளை. குத்தகைக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு இருக்கறது ரெண்டு காதுடா. கடைக்கு ஒண்ணுன்னு பிச்சுக் குடுக்கச் சொல்றியா?"

"ஆள் போட்டுக்கலாம்க்கா."

"ஆள் போடலாம். காது?"

அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள்.

இன்டர்நெட் போன் விற்கிறவர் வந்தது அதற்கு அடுத்த மாதம். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'கிளவுடு' என்று சொன்னதால் பட்டறையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. கம்பியெல்லாம் வேண்டாம், எல்லாம் கிளவுடில் இருக்கும். பழைய நம்பரே தொடரும். ஒரே நேரத்தில் இருபது பேர் கூப்பிட்டாலும் எடுக்கலாம். புதுப் புகாருக்கு ஒன்றை அழுத்தவும், நடக்கும் வேலைக்கு இரண்டை அழுத்தவும். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அறிக்கை வரும். எல்லாப் பேச்சும் பதிவாகும். நாளைக்கே இன்னொரு கிளை திறந்தால் அங்கே ஒரு ஹெட்செட்டை மாட்டினால் போதும். கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். யார் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்று தெரிந்தவர்.

"இதப் பாருங்க சார்" என்று ஒரு ஹெட்செட்டை என் தலையில் மாட்டினார். எங்கள் ஆட்களில் ஆறடி உயரத்துக்கு ஒருவன் உண்டு, அதனால் அவனைக் குட்டை என்போம். அவனைக் கீழே பட்டறைக்கு அனுப்பி, டிரில்லிங் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே என்னை அழைக்கச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்தேன். குட்டையின் ஒரு கையில் டிரில் சுற்றிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் போன். தரை அதிர்வது என் செருப்பில் தெரிந்தது. ஆனால் காதில் குட்டையின் குரல் மட்டும் கேட்டது, பொருட்களையெல்லாம் எடுத்துவிட்ட ஒரு வீட்டில் தனியாக நின்று பேசுகிறவன்போல.

"ஹலோ, ஹலோ, கேக்குதா? சம்பளம் ஏத்துறது பத்தி ஏதாவது முடிவு பண்ணீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். யாரோ கைதட்டினார்கள். பக்கத்து அறையிலிருந்து அக்கா பழைய போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"டேய், கொஞ்சம் அடங்குங்கடா. இங்க ஒரு மெஷின் பேசிட்டிருக்கு."

இரண்டு வாரத்தில் எல்லாம் வந்துவிட்டது. புதிதாக இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தோம். மெனுவில் யார் குரல் என்ற கேள்வி எழுந்தபோது, எல்லோருக்கும் பழகிய குரல் அக்காவுடையது என்று கிளவுடே சொன்னார். அக்கா மூன்று தடவை பதிவு செய்தாள். முதல் தடவை, "புதுப் புகாருக்கு ஒண்ண அமுக்குங்க, பதறாதீங்க" என்று சொல்லிவிட்டாள். பதறாதீங்க வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

முதல் நாள் காலையில் கூப்பிட்டவர் பூக்கடைக்காரர். குளிரறையில் ரோஜாவெல்லாம் தலையைத் தொங்கப்போடுகிறது என்றார். புதிதாக வந்த பெண்களில் ஒருத்தி அக்காவுக்கு அழைப்பை மாற்றினாள்.

"குண்டுகிட்ட போன வைங்க. பத்து எண்ணுற வரைக்கும் பேசாதீங்க" என்றாள் அக்கா. கண்ணை மூடினாள். ஐந்தில் கண்ணைத் திறந்தாள். ஹெட்செட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெச்சீங்களா?"

வெச்சுட்டேன் என்றிருக்கவேண்டும்.

"மெஷின் நின்னுபோச்சா? சத்தமே இல்லையே... ஓடுதா? கை வெச்சா அதிருதா?" அவள் என்னைப் பார்த்தாள். "சரி, விடுங்க. ஆள் அனுப்புறேன்."

எந்தப் பாகம் என்று எழுதவில்லை. குட்டை வெறுங்கையோடு போய், பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி போனான்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அக்கா ஜன்னலை மூடச் சொன்னாள். மின்விசிறியை நிறுத்தினாள். படியில் இறங்கிப் போய், தான் போனில் இருக்கும்போது டிரில் ஓட்டக்கூடாது என்று பட்டறைக்காரர்களிடம் சொன்னாள். ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் எதையோ தேடுகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். ஊகித்து எழுதினாள். ஃபேன் மோட்டார் என்று எழுதி அனுப்பிய இடத்தில் ரிலே போயிருந்தது. கேஸ் என்று எழுதிய இடத்தில் கதவு ரப்பர் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஆட்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் மோசம்.

எங்கள் யாருக்கும் போன்மேல் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் பேச்சு அத்தனை தெளிவாகக் கேட்டது. அந்த டிரில்லை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்வேன். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்குச் சத்தியம் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம் அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"கீழ போய் நாலு மெஷின் பக்கத்துல உக்காந்து பாத்தேன்டா. நேர்ல எல்லாம் கேக்குது. போன்லதான் கேக்கல. ஆனா போன்ல ஆளுங்க பேசுறது முன்னவிட நல்லா கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியல."

"வேலை ஜாஸ்தி. களைப்பா இருக்கும்க்கா."

"வீட்ல மூத்தவ சொல்றா, அம்மா உன்ன மூணு தடவ கூப்பிட வேண்டியிருக்குன்னு. அவ எப்பவும் மெதுவாதான் பேசுவா, அதனாலன்னு நெனச்சேன்." அவள் மேசையில் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தாள். "அந்தக் கிளவுடுகிட்ட ஒரு தடவ கேளேன். அவரு குடுத்த போன்ல ஏதாவது கோளாறான்னு."

கேட்டேன். அவருடைய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, நானும் ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, இசை கேட்டுக் காத்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். நான் சொன்னதைப் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"அது கோளாறு இல்ல சார், வசதி. ஒரே மாதிரி தொடர்ந்து வர்ற சத்தத்த சிஸ்டமே வெட்டிடும். ஃபேன், மோட்டார், மிக்ஸி எதுவும் கேக்காது. பேச்சு மட்டும்தான் வரும்."

எனக்கு அப்போதுதான் குட்டையும் அவன் கையில் சுற்றிய டிரில்லும் ஞாபகம் வந்தன.

"உங்களுக்கு வேண்டாம்னா அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் எடுத்துடலாம் சார். ஒரு டிக்தான். நீங்களே பண்ணலாம். இல்ல நான் இப்பவே எடுத்து விடட்டுமா?"

என் திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு டிக். அதற்குப் பக்கத்திலேயே அந்த வாரத்து அறிக்கை. புதிதாக வந்த இரண்டு பெண்களும் ஓர் அழைப்புக்கு இரண்டு நிமிடம். அக்கா ஒன்பது நிமிடம். மேசையின் மறுபக்கம் குத்தகைத் தாள், என் கையெழுத்தோடு, இன்னொன்றுக்கு இடம் விட்டு.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொல்ல ஆசை. யோசித்தேன். டிக்கை எடுத்தால் நாளைக்குக் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யோசித்தேன். நான் மறுபடி அக்காவோட தம்பி.

"பாத்துட்டு சொல்றேன்மா" என்றேன்.

பக்கத்து அறையில் அக்கா நீலக் குஷனில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறவள்போல.

"கோளாறு ஒண்ணும் இல்லையாம்க்கா."

தலையாட்டினாள். "அப்ப என் காதுதான்."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லாமல் ஒரு நாள் போனபின் அதைச் சொல்வதற்கு, நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. இரண்டாவது நாள் அது இன்னும் பெரிதாயிற்று.

காது டாக்டரிடம் அவளைக் காரில் கூட்டிப் போனதும் நான்தான். அக்காவின் கணவர், மாமாவுக்கு, அன்று லீவு கிடைக்கவில்லை. சின்னக் கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உதடு லேசாக அசைய, அமுக்கிக்கொண்டே இருந்தாள். பத்து வரை எண்ணி எண்ணிக் கேட்கிறாள் என்று தோன்றியது.

"வயசுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொறஞ்சிருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

"ரொம்பக் கொஞ்சம்மா. கவலைப்படவே வேண்டாம்."

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு அது கொஞ்சம். நான் அந்தக் கொஞ்சத்துலதாண்டா பொழப்பு நடத்துனேன்."

டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஒரு காது மெஷின் வாங்கிக்கொண்டாள், தோல் நிறத்தில், கடலை அளவில். அடுத்த நாள் அதைப் போட்டு, அதற்குமேல் ஹெட்செட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அக்காவுக்கு இப்ப டபுள் ஸ்பீக்கர்" என்றான். அக்காதான் முதலில் சிரித்தாள்.

மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டது அதற்கடுத்த வாரம். எங்களோடு முதல் வருடத்திலிருந்து இருப்பவர். ஊசி மருந்துகள் வைக்கும் பெட்டியில் குளிர் இறங்கவில்லை. அவரிடம் மாற்றிவைக்க வேறு பெட்டி இல்லை. அக்கா பத்து எண்ணினாள். மறுபடி பத்து எண்ணினாள். பிறகு நிமிர்ந்து, "கம்ப்ரஸர் செத்துப்போச்சு. ஒரு சத்தமும் இல்ல. புதுசு எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவர் ஒருவேளை மெஷின் ஓடுகிறது என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வதை நம்புவதா, காதை நம்புவதா என்ற கேள்வியில், போட்ட காது மெஷினை அவள் நம்பிவிட்டாள்.

கம்ப்ரஸர், அந்தக் கருப்புக் குண்டு, எங்களிடம் இருப்பு இல்லை. கிடங்குக்கு வண்டி போய் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். போய்ப் பார்த்தால் கம்ப்ரஸர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றாமல் நின்றது உள்ளே இருந்த கையளவு ஃபேன். அது எங்கள் எல்லா வண்டியிலும் எப்போதும் இருக்கும். முதல் இருபது நிமிடத்தில் மாட்டியிருக்கலாம்.

அக்கா அடுத்த வண்டியில் ஏறி நேராகக் கடைக்குப் போனாள். நானும் போனேன். மருந்துக் கடைக்காரர் கத்தவில்லை. இரண்டு தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், பார்ப்பதற்கு நல்லதுபோலவே இருந்தன.

"இதெல்லாம் இனிமே போட முடியாதும்மா. ஒருத்தர் நாளைக்குக் குழந்தைக்கு வாங்க வர்றேன்னு சொல்லி வெச்சிருந்தார். அவருக்கு வேற இடத்துல சொல்லணும்."

அக்கா ஒரு குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் மானம் மிச்சமிருந்திருக்கும். நான் குனிந்து, பெட்டிக்குள் ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் சுற்றியது.

அந்த வாரக் கடைசியில் அவள் குஷனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். நான் கேட்காமலே குத்தகைத் தாளில் கையெழுத்துப் போட்டாள். நிறுவனத்திலிருந்து விலகும் தாளிலும் போட்டாள். மாமா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம். "இன்னொரு தட்டு மருந்து கெட்டுப்போற வரைக்கும் உக்காந்திருக்கவா?" என்று கேட்டாளாம்.

"நீ நல்லாப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னாள். "நான் இருந்திருந்தா உன்ன வளர விட்டிருக்க மாட்டேன்."

படியில் இறங்கும்போது கீழே பட்டறையில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்று ஒரு நிமிடம் கேட்டாள். "இதுல கேஸ் கம்மியா இருக்கு" என்று குட்டையிடம் சொல்லிவிட்டுப் போனாள். கம்மியாகத்தான் இருந்தது.

இரண்டாவது கிளை திறந்தது. ஹெட்செட்டுகள் எட்டாயின. எங்கள் ஆட்களும் இப்போது மற்றவர்களைப்போல இரண்டு நடை போகிறார்கள். முதலில் பார்க்க, பிறகு சரிசெய்ய. வாடிக்கையாளர்கள் முனகுகிறார்கள், ஆனால் லைன் உடனே கிடைக்கிறது. மருந்துக் கடைக்காரர் மட்டும் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். கடைகளில் என்னை இப்போது 'ஓனர்' என்கிறார்கள்.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, எல்லா இணைப்புகளிலும் அந்த டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வந்த அழைப்பை எடுத்தேன். யாரோ ஒரு ஹோட்டல்காரர். குண்டுக்குப் பக்கத்தில் போனை வைக்கச் சொன்னேன். வந்தது. ஙொய் என்று ஒரு நீண்ட முனகல், அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, விட்டு விட்டு. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். அது எனக்கு வெறும் இரைச்சலாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த பெண்கள், "சார், இன்னிக்கு லைன்ல ஒரே சத்தம், தல வலிக்குது" என்றார்கள். மறுபடி டிக் போட்டேன்.

அக்கா கூப்பிட்டது அவள் போய் ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. என் சொந்த நம்பருக்குக் கூப்பிடாமல் அலுவலக நம்பருக்குக் கூப்பிட்டிருந்தாள். அழைப்பை எடுத்த பெண் உற்சாகமாக எனக்கு மாற்றினாள்.

"என்னடா, என் குரலே என்னய ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு வெரட்டுது?"

"நேரா எனக்கே அடிச்சிருக்கலாமேக்கா."

"புகாருக்குப் புகார் நம்பர்லதானே கூப்பிடணும்? வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு மாதிரி சத்தம் போடுது. எனக்குக் கேக்குது, ஆனா இந்தக் காத நம்பி ஒண்ணும் சொல்ல முடியல. நீ கேட்டுச் சொல்லு."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்?"

"ஓனர் நீ. கேளு. பக்கத்துல வைக்கிறேன். பத்து எண்ணுற வரைக்கும் பேசாத."

போன் நகரும் ஒலி கேட்டது. பிறகு எதுவும் இல்லை. அமைதி என்றால் கொஞ்சமாவது மூச்சு இருக்கும், எங்காவது ஒரு கதவு இருக்கும். இதில் அதுவும் இல்லை. பால்போல வெள்ளையான ஒன்றுமில்லாமை. என் திரையில் அந்தக் கட்டமும் டிக்கும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இப்போது எடுத்தாலும் அடுத்த அழைப்புக்குத்தான் வேலை செய்யும். ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் அவள் யோசிப்பாள். உனக்குமா கேக்கல என்பாள். அதிலிருந்து அவள் எவ்வளவு தூரம் போவாள் என்று எனக்குத் தெரியும். மூன்று, நாலு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கேக்குதாடா?"

"கேக்குதுக்கா."

"எப்படி இருக்கு?"

"சாதாரணமாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம். பயப்பட ஒண்ணும் இல்ல."



"ஃப்ரிட்ஜுகிட்ட வைக்கலடா" என்றாள். "மிக்ஸிய வெறும் ஜார்ல ஓட விட்டு, அதுமேல வெச்சேன். பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குறாங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"மூத்தவ இப்ப வீட்லேர்ந்துதான் வேலை பாக்குறா, நாள் பூரா ஹெட்செட்டு. மிக்ஸி போடாதன்னு திட்டுவாளோன்னு பாத்தா, போட்டுக்கம்மா, அந்தப் பக்கம் கேக்காது, சத்தத்த வெட்டிடும்னு சொன்னா. நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. உனக்கும் தெரியாமதான் இருந்திருக்கும், பாவம், அவனுக்கு மட்டும் என்ன தெரியும்னு நெனச்சேன். தெரியாதவனா இருந்தா என்ன சொல்லியிருப்ப? ஒண்ணும் கேக்கலயேக்கான்னு சொல்லியிருப்ப. அவ்வளவுதான். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"அக்கா..."

"காது மெஷின் ஒண்ணு இருக்கு. எனக்கு அது வேண்டாம். குட்டைகிட்ட குடுத்து விடுறேன். வெச்சுக்கோ."

வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அன்றைய அறிக்கை வந்தது. அழைப்பு, பதினொன்று ஆறு, ஒரு நிமிடம் ஐம்பது நொடி, நிலை: தீர்க்கப்பட்டது. ஒரு அழைப்பை வைத்ததும் ஒன்றும் குறிக்காவிட்டால் சிஸ்டம் தானே அப்படிக் குறித்துக்கொள்ளும். பதிவை அழிக்கலாம் என்று திறந்தேன். அழிக்கும் முன் ஒருமுறை கேட்டேன். அதிலும் மிக்ஸி இல்லை. அக்கா "பத்து எண்ணுற வரைக்கும் பேசாத" என்கிறாள். பிறகு ஒன்றுமில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல, ஒரு பிசிறும் இல்லாமல், என் குரல்: கேக்குதுக்கா.

போன் எடுக்கும் பெண்களில் ஒருத்தி வெளியே கதவைத் தட்டினாள். ரெண்டாவது கிளையிலிருந்து லைனில் இருக்கிறார்களாம். எடுப்பதற்குமுன் மெனுவின் பதிவை மாற்றச் சொல்லிக் கிளவுடுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். யார் குரல் வைக்கலாம் என்று கேட்டு அவர் உடனே பதில் அனுப்பியிருந்தார். யாருடையதானாலும் சரி என்று எழுதினேன்.